ஈரோட்டு அக்காவுக்கு எழுதிய மயில்

கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றின் எம்பிராய்டரி நூல் கேட்டலாக் வருஷந்தோறும் தபாலில் எங்கள் வீட்டுக்கு வரும். அச்சடித்தது சிவகாசியில், எங்களுக்கு அடுத்த தெருவில்தான். கோயம்புத்தூர் வரை போய்ச் சுற்றிக்கொண்டு எங்களிடமே திரும்பி வரும். அப்பாவின் தங்கையான என் அத்தை ஒரு காலத்தில் அதைப் பார்த்து வி.பி.பி.யில் நூல் வரவழைத்தவள். பட்டாசு ஆபீஸ் விபத்தில் வலது கை விரல்கள் ஒட்டிப்போன பிறகு அவளால் ஊசி பிடிக்க முடியவில்லை. கேட்டலாக் மட்டும் நிற்காமல் வந்தது.

அதன் கடைசிப் பக்கத்தில், கடிதத் தோழமை விரும்பும் வாடிக்கையாளர்களின் முகவரிகள் இருக்கும். இன்று போனில் பொருள் வாங்கும் இடத்திலேயே முகம் தெரியாதவர்கள் கூடிப் பேசுவது எனக்குப் புதிதாகத் தோன்றாததற்கு அந்தப் பக்கம்தான் காரணம். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, அத்தை அதிலிருந்து ஈரோட்டு அக்கா ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

“இப்போது என்ன தைக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பதில் வந்தது.

“மயிலுன்னு எளுது தாயி. கொண்டை முடிஞ்சிருச்சு, களுத்து பாதி வந்திருக்குன்னு எளுது.”

“மயிலே இல்லையே அத்தை.”

“எளுதுன்னா எளுது.”

மாதம் ஒரு கடிதமாக மயில் வளர்ந்தது. இறக்கை முடிந்த சமயத்தில், விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகவும் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வருவதாகவும் அந்த அக்கா எழுதிவிட்டாள். அத்தை அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். ஊரில் இல்லையென்று எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையாட்டினாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்கா வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தையின் கையைப் பார்த்துவிட்டாள். அத்தை அதை முந்தானைக்குள் மறைக்கவில்லை.

“வாங்க, வெயில்ல அலைஞ்சு வந்திருக்கீக.”

“இருக்கட்டுங்க. உங்களப் பாக்கத்தானுங்க வந்தேன்.”

சாயங்காலம் வரை இருவரும் பேசிச் சிரித்தார்கள். மயில் எங்கே என்று கேட்டுவிடுவாளோ என்று நான் பயந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேட்கவே இல்லை.

பத்து நாளில் கடிதம் வந்தது. நலம் விசாரிப்புக்குக் கீழே, “தோகைக்கு என்ன நீலம் போடப் போகிறீர்கள்?” என்று இருந்தது.

அத்தை கேட்டலாக்கை விரித்து, இடது கை விரலால் நிற வரிசையை மெல்லத் தடவிக்கொண்டே போனாள். “பதினேழாம் நம்பருன்னு எளுது” என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எழுதி ஒட்டினேன். கண்ணால் பார்த்த பிறகும் அந்த அக்காவுக்கு விளங்கவில்லையே, ஒரு மனுஷி இவ்வளவு வெகுளியாகவா இருப்பாள் என்று அவள்மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.