கிணற்றில் போன ஒற்றைச் சப்பாத்து

ஈரக் கல்லின் குளிர் காலுறையைத் தாண்டி உள்ளங்காலில் ஏறும்போது முதலில் சுடுவதுபோலத்தான் இருக்கும், பிறகுதான் விறைக்கும். இதை நான் பத்து வயதில், ஒரு பழைய துறவிமடத்தின் இடிபாடுகளுக்குள் அறிந்துகொண்டேன். ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்த முதல் இலையுதிர்காலத்தில், வகுப்போடு பேருந்தில் வயல்களுக்கு நடுவே அங்கே கூட்டிப் போயிருந்தார்கள். கூரை இல்லை, தடித்த சுவர்களும் அரைவட்டமாக வளைந்த கல்வாசல்களும் பாசி பிடித்து நின்றன. ஆசிரியை சொன்னதில், இது கடவுளை வணங்கிய இடம் என்பது மட்டுமே எனக்கு விளங்கியது. "கோயிலுக்குள்ளை சப்பாத்தோடை போகப்படாது" என்று அம்மா பழக்கியிருந்ததால், வாசலில் இரண்டையும் கழற்றிச் சேர்த்துவைத்துவிட்டு உள்ளே போனேன்.

வெளியே வந்தபோது வகுப்புப் பையன் ஒருவன் அவற்றில் ஒன்றைத் தூக்கி முற்றத்துக் கிணற்றுக்குள் போட்டான். நான் பார்த்துக்கொண்டு நிற்கவே போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை அவனை ஒன்றும் கேட்கவில்லை, நீ ஏன் கழற்றினாய் என்று என்னைத்தான் கேட்டார். அன்று மாலை அப்பா என் காலை வெந்நீரில் வைத்துத் தேய்த்தபடி சொன்னார்: "விடு பிள்ளை. வந்த இடத்திலை சண்டை பிடிக்கேலாது."

நான் விடவில்லை. அவன் பெயரை இங்கே எழுதாதது அவனுக்காக அல்ல. அவன் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அடுத்த ஆண்டு நான் வேறு பள்ளிக்கு மாறினாலும், நாங்கள் இருவரும் ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியிலேயே வளர்ந்து அங்கேயே குடும்பமானோம். பெற்றோர் கூட்டங்களில் எத்தனையோ முறை எனக்குக் கை கொடுத்திருக்கிறான், ஒருமுறைகூட அடையாளம் காணவில்லை.

போன மாதம் பிள்ளைகளின் வகுப்பு அதே மடத்துக்குப் புறப்பட்டது. மகளுக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகினாலே உறங்காதவள் நான் என்பதால், துணைக்குப் போகிறேன் என்றதை வீட்டில் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. அவனும் வருகிறான் என்று அறிந்துதான் கையை உயர்த்தினேன்.

பிள்ளைகள் "மாட்பாக்கே" என்ற பாண் பொதிகளை அவிழ்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவன் புல்தரையைக் காட்டி, இங்கே ஒரு கிணறு இருந்தது, ஒரு வெளிநாட்டுப் பெட்டையின் சப்பாத்தை அதற்குள் போட்டேன் என்று வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கினான். முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, அந்தப் பெட்டை நான்தான் என்றேன். ஒற்றைச் சப்பாத்தோடு அவள் பேருந்துவரை நடந்ததையும் சேர்த்துச் சொல் என்றேன். அவன் மகள் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. அவன் முகம் சிவக்க மன்னிப்புக் கேட்டான். நான் எழுந்து போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன்.

பேருந்தில் மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அவர் உண்மையாத்தானே மன்னிப்புக் கேட்டவர்?"

"ஓம்."

"பிறகென்ன?"

"கேக்கிறது அவரின்ரை வேலை. குடுக்கிறதும் விடுறதும் என்ரை விருப்பம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கிணற்றை எப்போதோ மண்ணிட்டு மூடிவிட்டார்கள். சிரித்த மற்றவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். இப்போது ரொம்மன் ரயில் நிலையத்தில் என்னைக் கண்டால் அவன் தள்ளிப்போய் அடுத்த பெட்டியில் ஏறுகிறான். என்னைப் பார்த்தும் யாரென்று தெரியாத அந்தப் பழைய முகம் இல்லாமல் போயிற்று. மன்னிப்பை இன்னும் கொடுக்கவில்லை, கொடுப்பதாகவும் இல்லை.