பூட்ஸைக் கழற்றாத ஹீரோ

போன வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி ஷோ. காசிமேட்டிலிருந்து முப்பது பேர், ஒரு மினி லாரியும் மூன்று ஆட்டோவும் பிடித்து தியேட்டருக்கு வந்திருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம், படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. வேலை நாளில் ஊரோடு படம் பார்க்க இதைவிட நல்ல நேரம் ஏது? நடுவில் புதுச் சட்டையோடு நின்றவன் என் பள்ளிக்கூடத் தோழன் ஏழுமலை. பக்கத்தில், அவன் மகளை நிச்சயம் செய்திருக்கும் எண்ணூர் சம்பந்தி.

வந்தது நம்ம துறைமுகத்து சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகத்துக்கு. இன்னும் சரியாகச் சொன்னால், அதில் ஏழுமலையைப் பார்க்க.

கதை தெரியாதவர்களுக்கு... முதல் பாகத்துக்கு ஏழுமலையின் விசைப்படகை வாடகைக்கு எடுத்தார்கள். ஹீரோ பூட்ஸ் காலோடு படகில் தாவினார். ஏழுமலை விடுவானா? படகில் செருப்போடு ஏறுவது, அவனுக்குக் கோயிலுக்குள் செருப்போடு போவது மாதிரி. கேமரா ஓடுகிறதா என்றுகூடப் பார்க்காமல், "சார், மொதல்ல அத்த கழட்டு, அப்பால ஏறு" என்றான். டைரக்டர் கெட்டிக்காரர் — கட் சொல்லவில்லை. உலகத்தைக் காப்பாற்ற வந்தவர், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றார். தியேட்டரில் விசில் பறந்தது அங்கேதான். நானும் இதே சினிமா விமர்சனப் பத்தியில் உருகி உருகி எழுதினேன்.

இரண்டாம் பாகத்துக்கும் கூப்பிட்டார்கள். மூன்று நாள் ஷூட்டிங். அதைப் பற்றி ஏழுமலை சொல்லாத ஆள் எங்கள் கல்மண்டபம் ஏரியாவில் கிடையாது.

வியாழக்கிழமை மதியமே, பத்திரிகைக்காரர்களுக்கான காட்சியில் நான் படத்தைப் பார்த்துவிட்டேன். நல்லது இல்லாமல் இல்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கி உச்சியில் ஹீரோ தனியாக உட்கார்ந்திருக்கும் ஷாட், கிராஃபிக்ஸ் என்றே தெரியவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பலைத் தடுத்து நிறுத்தும் பத்து நிமிஷம், நான் சீட் நுனிக்கு வந்துவிட்டேன். ஆனால்... முதல் பாகத்து வில்லன் ஆற்றில் சாம்பல் கொட்டுகிறவன். இதில் வேறு கிரகத்திலிருந்து வருகிறான். எங்கள் பக்கத்துக்கு வில்லனை இறக்குமதி வேறு செய்ய வேண்டுமா? ஹீரோ பாதிப் படம் லண்டனில் பறக்கிறார். நம்ம பாஷையை அடியாட்கள் மட்டும் பேசுகிறார்கள்.

ஏழுமலை? ஒரு ஃப்ரேம்கூட இல்லை. வெட்டிவிட்டார்கள்.

சாயங்காலம், குறைகளை வரிசையாக எழுதி விமர்சனத்தை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், அவன் போன்.

"நம்ம சீன் எப்டி வந்துகீது மாமு?"

சொல்லியிருக்கலாம். "நாளைக்கு நீயே பாரேன், சொன்னா சஸ்பென்ஸ் போயிடும்" என்றேன். அவன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு. அதெல்லாம் பொய். அவன் குரல் இறங்குவதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நானும் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில், ஏழுமலை சீன் எங்கே என்று சம்பந்தி கேட்டேவிட்டார். செகண்ட் ஹாஃபில் வரும் என்று ஏழுமலை அவருக்குப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் போனைப் பார்த்தேன்.

செகண்ட் ஹாஃபில் வந்தது, அவன் படகு மட்டும்தான். ஹீரோ பூட்ஸ் காலோடு அதன் முன்முனையில் ஏறி நின்று, கையைக் கட்டிக்கொண்டு போஸ் கொடுத்தார். 

"போன தபா நான் சொன்னேன், கழட்டுனான்" என்றான் ஏழுமலை, யாரிடம் என்றில்லாமல். "இப்ப சொல்றதுக்கு யாருகீறா?"

கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. வெளியே சம்பந்தி வெயிலைப் பற்றிப் பேசினார். நல்ல மனுஷன், பேச்சை மாற்றினார்... அதுதான் இன்னும் வலித்தது. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ஏழுமலை என்னிடம் வந்தான்.

"நீ நேத்தே பாத்துட்டல்ல?"

தலையாட்டினேன்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே மாமு. சம்பந்தியயாவது இட்டுகினு வராம இருந்திருப்பேன்."

கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் தேவலை.

படத்தின் குறைகளை ஊருக்கெல்லாம் புட்டுப் புட்டு வைத்தேன். சொல்ல வேண்டிய ஒருத்தனிடம் மட்டும் சஸ்பென்ஸ் வைத்தேன்.