கிரைண்டர் பாட்டு

அந்தப் பெயரை வைத்தவன் என் அண்ணன். வெளிநாட்டில் ஏதோ ஒரு குளிர் ஊரிலிருந்து வந்த நான்கு பேர் குழுவின் கேசட்டை நான் முதல் முறை போட்டபோது, சாப்பாட்டுத் தட்டோடு கூடத்துக்கு வந்து நின்று, "அம்மா, மாவு அரைஞ்சிருச்சு, கிரைண்டர நிறுத்துங்க" என்றான். மட்டம் தட்டிவிட்டதாக அவனுக்கு நினைப்பு. எனக்கும் என் தோழிக்கும் அதைவிட நல்ல பாராட்டு யாரும் தரவில்லை.

அந்தக் குழுவில் பாடுகிறவன் கிடையாது. கிட்டார் கிடையாது. நான்கு பேரும் நான்கு கருவிகள் முன்னால் நின்று பட்டனை அழுத்துவார்கள், அவ்வளவுதான். கணபதியில் எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் லேத் பட்டறை, வலப்பக்கம் மோட்டார் வைண்டிங் கடை. தோழி கிணத்துக்கடவில் பம்புசெட் சத்தத்துக்குத் தூங்கி எழுந்தவள். அந்த இசையை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வகுப்பே காதல் பாட்டுக்கு உருகிக்கொண்டிருக்க, நாங்கள் ஒரே வாக்மேனின் இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். கோயமுத்தூரிலேயே அதற்கு ரசிகைகள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையும் இசையளவுக்கு இனித்தது.

எங்களுக்குள் 'ங்க' கிடையாது. சொந்தத் தம்பியையே 'வாங்க தம்பி' என்று கூப்பிடுகிற வீட்டுப் பெண் அவள். என்னிடம் மட்டும் 'வா புள்ள, போ புள்ள'. கல்லூரியில் வேறு யாருக்கும் அது கிடைக்கவில்லை.

இறுதியாண்டில் குழுவின் புதுக் கேசட் வந்தது. ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து தருகிற பாய் கடை. அங்கே தோழி பதியச் சொல்லி வாங்கிவந்தாள். என் வீட்டில் போட்டோம். கிட்டார் அலறியது. ஒருவன் தொண்டை கிழிய, அவள் போய்விட்டாள் என்று அழுதான். எவள் போனாள், ஏன் போனாள், எங்களுக்கு எதற்கு? இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிட்டு பாயிடம் சண்டைக்குக் கிளம்பினோம்.

"பாய், ஆள மாத்திப் பதிஞ்சுபோட்டீங்க" என்றேன்.

"அவிங்கதான் கண்ணு" என்றார் அவர்.

"அவங்க பாடவே மாட்டாங்க."

பாய் சி.டி. அட்டையை எடுத்து நீட்டினார். நால்வரும் தோள்வரை முடி வளர்த்து, தோல் சட்டையைத் திறந்து போட்டு, ஒரு மோட்டார் பைக் மேல் சாய்ந்திருந்தார்கள். "போன கேசட்ட கடைல போட்டா, மிக்சி ரிப்பேரு பாப்பீங்களான்னு கேட்டு வர்றாங்க. அவிங்களும் எத்தன நாளைக்கும்மா பட்டனயே அமுக்குவாங்க? முடி வளத்துட்டாங்க, அவ்வளவுதான்."

முடி மட்டுமா வளர்ந்தது? ஆசையும் வளர்ந்திருந்தது. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்கிற கேவலமான ஆசை. நான்கு வருடம் ஒரு முகத்தைக்கூடக் காட்டாதவர்கள், இப்போது நெஞ்சு முடியைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பலனும் கிடைத்தது. என் அண்ணன் அந்தக் கேசட்டை ஒரே நாளில் மனப்பாடம் செய்தான். அவனுடைய இன்ஜினியரிங் காலேஜ் கூட்டாளிகள் பஸ் ஸ்டாப்பில் நின்று, இல்லாத கிட்டாரை வாசிக்கிறோம் என்று வயிற்றைச் சொறிந்தார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலையை ஆட்டி, "இப்பத்தான் கண்ணு பாட்டாட்டம் இருக்குது" என்றாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு குழு உருப்படாமல் போய்விட்டது என்பதற்கு அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மறுவாரம் கேன்டீனில் தோழி எதையோ முணுமுணுத்தாள். எனக்குப் புரிய நான்கு விநாடி ஆனது.

"அந்த அழுகுணிப் பாட்டா?"

"மூணாவது மட்டும் புள்ள. நல்லாத்தான் இருக்குது."

"நீயும் வயித்தச் சொறிய வேண்டியதுதான்."

"உனக்குப் பாட்டுப் புடிக்குதா, இல்ல வேற யாருக்கும் புடிக்கலைங்கறது புடிக்குதா?" என்றாள் வடையைப் பிட்டுக்கொண்டே.

"அந்தக் கேசட்ட ஒரு நாளைக்குக் குடு" என்றேன். நம்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை அம்மா இட்லிக்கு அரைக்கையில், பாட்டு அழியாதிருக்க பாய் உடைத்துவிட்டிருந்த கேசட்டின் மேல் ஓட்டையைச் செல்லோடேப்பால் ஒட்டி அடைத்து, டேப்ரிக்கார்டரைக் கிரைண்டர் பக்கத்தில் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை ஒரு மாதிரியாக இருந்தது. ஏ பக்கம் முழுவதும் பாட்டு போய், கிரைண்டர் ஏறியது. திங்கட்கிழமை, "இதுதான் ஒரிஜினல், கேளு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவள் என் முன்னால் நின்றாள்.

"கேட்டனுங்க. நல்லா இருந்துச்சுங்க. ரொம்ப சிரமப்பட்டிருக்கறீங்க. கிளாசுக்கு நேரமாச்சு, வர்றனுங்க."

எங்கள் ஊரில் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். அவள் கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அந்த நான்கு 'ங்க'வுக்கு என்ன செய்வது? அன்றைக்கு முன்வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். இயர்போனின் இரண்டு முனையும் அவள் காதிலேயே இருந்தன. மறுநாள் நூலகத்தில், "கொஞ்சம் நகந்துக்கறீங்களா?" என்று கேட்டாள். ஒரு வாரம் தாங்கினேன்.

பிறகு அவளிடமே போய், "கேசட்ட இன்னொரு தடவ குடு, சரி பண்ணித் தாரேன்" என்றேன். "பாத்துங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

பாய் என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "இப்ப எந்த ஆள மாத்திட்டேன் கண்ணு?"

"மூணாவது பாட்ட மட்டும் பதியணும்."

"எந்த மூணாவது?"

சொல்லவைத்துவிட்டார். அந்தப் பாட்டின் பெயரை என் வாயால், கடையில் நின்ற நான்கு பையன்கள் முன்னால் சொன்னேன். பதிகிறவரை பாட்டு கடை ஸ்பீக்கரில் ஓடும். ஓடியது. நான்கரை நிமிடம் நின்றேன். ஒருத்தன் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றைச் சொறிந்தான். எங்காவது ஓர் இடத்திலாவது நல்லது கேட்டுவிடுமோ என்று கவனமாகத்தான் கேட்டேன். இல்லை. முதலில் அழுகை, நடுவில் அலறல், கடைசியில் மறுபடி அழுகை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பிலேயே கேசட்டைக் கொடுத்தேன். அவள் வாக்மேனில் போட்டு, சுற்றி, தேடி, நின்றபடியே முழுதும் கேட்டாள். நான் எதிரில் வந்த பஸ்களின் பலகைகளையெல்லாம் படித்து முடித்தேன். திடீரென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். சிரிப்பு. இயர்போனின் ஒரு முனையை எடுத்து என் காதில் வைத்தாள்.

பாட்டு முடிகிற இடம். கிட்டார் இழுத்துக்கொண்டே போய் அடங்க, அழிபடாமல் மிச்சமிருந்த கிரைண்டர் அதே வேகத்தில் புகுந்தது. மேலே அம்மாவின் குரல்: "நின்னு பாத்துட்டே இருக்காம, கொஞ்சம் தண்ணி ஊத்து கண்ணு."

"மொத்தப் பாட்டுலயும் உருப்படியானது அது ஒண்ணுதான்" என்றேன்.

"போ புள்ள" என்றாள்.