தூணில் ஒரு சிங்க முகம்

ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் இருக்கும் எங்கள் சின்ன ஸ்டேஷன் வெள்ளைக்காரர் கட்டியது. காலையில் என்னோடு திருச்சிக்கு ரயிலேறும் ஒரு குட்டையான நர்ஸம்மா, பிளாட்பார இரும்புத் தூணில் வார்த்திருந்த சிங்க முகத்தின் வாயில் தினமும் எம்பி எம்பித் துளசி செருகுவார்.

“அது ரயில் கம்பெனி முத்திரைங்க, நரசிம்மர் இல்ல” என்றேன் ஒருநாள்.

“இரணியன் தூண்லயே வந்தவரு, வெள்ளைக்காரன் தூண்ல வரமாட்டாரா?” என்று சிரித்தார்.

போன வருஷம் ஸ்டேஷனை இடித்துக் கட்டினார்கள். பழைய தூண்கள் காயலான் கடைக்கு லாரியேறின. புதுத் தூண் வழவழவென்று நின்றது. பழக்கத்தில் துளசியோடு எம்பியவர், இடம் தெரியாமல் கையை இறக்கிக்கொண்டார்.

மனசு கேட்காமல், “இதுலயும் இருப்பாருங்க” என்றேன்.

“அவரு இருப்பாரு. எனக்குத்தான் முகம் வேணும்.”