மாதாவைச் சுற்றிய வெளிச்சம்

சாரம் பகுதியில் எங்கள் வீட்டு முன்னறையில், தெருவைப் பார்த்த சன்னலை ஒட்டி என் தையல் மிஷின் இருந்தது. எழுபதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று தெருவுக்குள் வரும். சன்னல் திரை உப்பி, மெல்ல அடங்கும். மிஷினை மிதித்தபடியே நான் பாதி விழிப்பிலும் பாதித் தூக்கத்திலும் இருப்பேன். தையல் மட்டும் கோணாமல் போகும். மில் சங்கு ஊதினால்தான் எந்த நேரம், எந்த உலகம் என்பது நினைவுக்கு வரும்.

அப்படி ஒரு பகலில் மூலக்குளத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். முதல் பிரசவம், ஏழாவது மாதம். வளைகாப்புக்கு எடுத்த மாம்பழ நிறப் புடவைக்கு ரவிக்கை வேண்டும் என்றாள். அளவெடுத்தேன். கைச் சுற்றளவு பத்து அங்குலம். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துப் போட்டுப் பார்த்தவள், “கை இறுக்குதுங்க” என்றாள். நான்தான் தப்பாக வெட்டிவிட்டேன் என்று நினைத்தேன். உள்பக்கம் விட்டிருந்த துணியைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடி வந்தாள். மறுபடி இறுக்கம். டேப்பை வைத்தேன். பதினொன்றரை.

“புள்ள என் கையிலயும் வளருது போல” என்று சிரித்தாள்.

அவள் முகம் வட்டமாக, பளபளவென்று இருந்தது. கண் இமைகள் கொஞ்சம் தடித்து, தூங்கி எழுந்தவள் போலத் தெரிந்தாள். எனக்கு அது அழகாகப் பட்டது. “மூஞ்சி நிலா மாதிரி ஆயிடுச்சி உங்களுக்கு” என்றேன். அவள் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தளர்த்துவதற்கு இனித் துணியில்லை, ஒட்டுத்துணி வைத்துத் தைக்கவேண்டும், நாளன்னைக்கு வாங்க என்று அனுப்பினேன்.

நாளன்னைக்கு வந்தது அவள் கணவன். வாசலுக்கு வெளியேயே நின்றான்.

“ரவிக்கை ரெடியாங்க?”

“ரெடி. அவங்க வரலியா?”

“நேத்து காலைல தலை வலிக்குதுன்னு படுத்தா. கை காலெல்லாம் வெட்டி இழுப்பு வந்துடுச்சி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே போயிட்டா.” அவன் என்னைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்தே பேசினான். “அந்தப் பொடவையையே கட்டி அனுப்பலாம்னு எங்க அத்தை சொல்றாங்க.”

மடித்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். இரண்டடி போனவன் திரும்பி வந்தான்.

“அளவு சரியா இருக்குமா?”

“இருக்கும்” என்றேன்.

சில மாதம் கழித்து, என்னிடம் தைக்க வரும் ஒரு நர்சிடம் இதைச் சொன்னேன். அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். “கால் மட்டும் வீங்குனா பரவால்ல. கையும் மூஞ்சியும் சேந்து வீங்குனா, தலைவலி வந்தா, கண்ணு முன்னாடி பூச்சி பறந்தா, அது ரத்தக்கொதிப்பு. உடனே கூட்டிட்டுப் போயிருந்தா காப்பாத்திருக்கலாம்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, “உனக்கு எப்பிடித் தெரியும், விடு” என்றாள். அதற்குப் பிறகு மூலக்குளம் பக்கம் போகும்போதெல்லாம் அவன் வீடு எதுவாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டே போவேன். எந்த வீடு என்று நான் கேட்டே வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருஷம் போனது. அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தாள். அண்ணன் மில்லில் ஷிப்ட் வேலை. வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்தான்: அம்மா, அண்ணி, நான். அண்ணி அதிகம் பேசமாட்டாள். பேசினால் கனவைப் பற்றித்தான் பேசுவாள். கடல் தெருவுக்குள் வந்து வீட்டு வாசலில் நிற்பது போலவும், தண்ணீர் சுடாமல் குளிராமல் இருப்பது போலவும் கண்டதாகச் சொல்வாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அவள் சொல்லச் சொல்ல, அடுப்படி முழுக்க அந்தத் தண்ணீர் நிறைந்திருப்பது போல எனக்கு இருக்கும்.

அண்ணி உண்டாகி எட்டாவது மாதம் நடக்கும்போது மாதா கோயிலில் நவநாள் தொடங்கியது. அம்மாவுக்கு அந்த ஒன்பது நாளும் வீட்டு நினைப்பே இருக்காது. மூன்று பேரும் காலைப் பூசைக்குப் போவோம். நாலாவது நாள், சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது, அண்ணி அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அத்தை, மாதாவச் சுத்தி வெளிச்சமா இருக்கு.”

“மெழுகுவத்திம்மா.”

“இல்ல அத்தை. துளித்துளியா. வெள்ளி மாதிரி. பறக்குது.”

அம்மா சொரூபத்தைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் கண்கள் பாதி மூடியிருந்தன. உதட்டில் ஒரு சிரிப்பு. வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் அவள் தோளில் நீலமாக விழுந்திருந்தது. அம்மா அப்படியே முழந்தாளிட்டு அழுதாள். அப்பா போன பிறகு அம்மா சந்தோஷத்தில் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஐந்தாம் நாளும் வெளிச்சம் தெரிந்தது. ஆறாம் நாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பெண்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி காய்ச்சல்கார மகளைக் கொண்டுவந்து, “தலைல கை வைம்மா” என்றாள். அண்ணி வைத்தாள். அம்மா பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். நானும் கேட்டேன். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. இதை மறைத்துப் பயனில்லை. அந்த மூன்று நாளும் எங்கள் வீடு வேறு ஏதோ இடத்தில் இருப்பது போல, தரையில் நடந்தாலும் கால் பாவாதது போல, அப்படி ஒரு மயக்கத்தில் நானும் இருந்தேன்.

ஆறாம் நாள் பகலில் அண்ணி கை கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாண மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. சோப்புப் போட்டாள், அப்போதும் வரவில்லை. மோதிரத்துக்கு இருபுறமும் சதை பிதுங்கியிருந்தது. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்தேனா என்பது நினைவில்லை. எழுந்துபோய் டேப்பை எடுத்தேன்.

“அண்ணி, உங்களுக்கு லூசா ஒரு ரவிக்கை தைக்கிறேன். கையக் குடுங்க.”

ஆறாவது மாதத்தில் எடுத்த அளவு நோட்டில் இருந்தது, ஒன்பதரை. இப்போது பதினொன்றேகால். முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். அதே பளபளப்பு, அதே தடித்த இமை.

“தலை வலிக்குதா அண்ணி?”

அவள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “வலிக்குது. வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடியே வலிக்க ஆரம்பிச்சிடும். பின்மண்டையில. அத்தை எவ்ளோ சந்தோசமா இருக்காங்க. வலிக்குதுன்னு எப்பிடிச் சொல்றது?”

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவேண்டும், இப்போதே போகவேண்டும் என்றேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“மாசமானா கை காலு வீங்காதா? உன்னைய சுமக்கும்போது எனக்கு வீங்கல?”

“வெளிச்சம் தெரியுதே, அதுகூட இந்த வியாதிலதான்மா.”

அரிவாள்மணை நின்றது. “மாதா காட்டுனத வியாதின்னு சொல்றியாடி?” கோபமில்லை குரலில். கெஞ்சுவது போல இருந்தது. “நவநாள் முடியட்டும். இன்னும் மூணு நாள்தானே.”

மூலக்குளத்துப் பெண்ணைப் பற்றி அதுவரை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். முதல் தடவை பிரித்தது, இரண்டாம் தடவை பிரித்தது, அவன் திரும்பி வந்து அளவு கேட்டது. பிறகு நான் அண்ணிக்குச் செருப்பை எடுத்துப்போட்டேன். வாசலைத் தாண்டும்போது, “குடையாவது எடுத்துட்டுப் போங்க” என்று அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

கோரிமேட்டு பஸ்ஸில் சன்னலோரம் அண்ணியை உட்காரவைத்தேன். வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. மரங்கள், சைக்கிள்கள், கடைப் பலகைகள் எல்லாம் பின்னால் போயின. “எல்லாமே மின்னுது” என்றாள். “ரோட்டுல போறவங்க எல்லாரும் சரிகை கட்டிட்டுப் போற மாதிரி இருக்கு.” அவ்வளவு நிம்மதியாகச் சொன்னாள். அவள் தலையை என் தோளில் சாய்த்து, அவள் கண்களை என் கையால் பொத்தினேன்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் பிரஷர் பார்த்தார். ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி காற்றடித்துப் பார்த்தார். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினார்கள். தெளிவாக இருந்தது, சூடேறியதும் முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரிந்து வெளுத்தது. டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

“எப்பலேருந்து வீக்கம்?”

எனக்குத் தேதி தெரியவில்லை. கைப்பையில் இருந்த அளவு நோட்டை நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

“இன்னிக்கே வந்தது நல்லது. நவநாள் முடியட்டும்னு இருந்திருந்தா” என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான்தான் உளறிக்கொட்டி எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

அண்ணியை ஓர் இருட்டறையில் படுக்கவைத்தார்கள். சன்னல்களில் பச்சைத் துணி தொங்கியது. வெளிச்சம் கூடாது, சத்தம் கூடாது, தொட்டால்கூட மெதுவாகத் தொடவேண்டும். அந்தப் பச்சை இருட்டில், தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தேன். வெளியே பஸ்கள் வந்து நிற்பதும், கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவதும், எங்கோ கனவில் நடப்பது போலக் கேட்டன. இரண்டாம் நாள் காலையில் அண்ணிக்கு இழுப்பு வந்தது. அவள் கண் மேலே செருகியதைப் பார்த்தேன். அடுத்த கணம் அறை நிறைய ஆட்கள். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

வராந்தாவில் அண்ணன் நின்றிருந்தான். மில்லிலிருந்து நேராக வந்திருந்தான், தலையெல்லாம் பஞ்சு. அவனுக்குப் பக்கத்தில் அம்மா. கையில் செபமாலை இருந்தது, ஆனால் உருட்டவில்லை. மத்தியானம் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அண்ணி மறுநாள் கண் திறந்தாள். சில வாரம் பார்வை மங்கலாக இருந்தது, பிறகு தெளிந்தது.

இருவரும் பிழைப்பார்கள் என்று டாக்டர் வந்து சொன்னபோது, இளம்வயதில் பிரெஞ்சுக்கார வீட்டில் வேலை பார்த்த என் அம்மா, அந்தக் காலத்துப் பழக்கத்தில் “மெர்சி, மதாம்” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டு, உடனே வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், துணி காயப்போடும்போது அம்மா என்னிடம் கேட்டாள். “அது மாதா காட்டுனது இல்லன்னா சொல்ற?”

ஈரப் புடவையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“காட்டுனதுதான்” என்று அவளே சொன்னாள். “என்னா காட்டுறாங்கன்னு எனக்குத்தான் புரியல. நீ புரிஞ்சிக்கிட்ட.”

அதற்குப் பிறகு அம்மா என் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டுக்கொண்டாள். எண்பதுகளில், குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும், அவள் இடம் அதுதான். பிள்ளைத்தாய்ச்சிகள் அளவு கொடுக்க வந்தால், நான் டேப்பை எடுப்பதற்குள் அம்மா அவர்கள் கையைப் பிடித்து அழுத்திப் பார்ப்பாள். தலை வலிக்குதா, கண்ணு முன்னாடி எதாச்சும் பறக்குதா, மேல்வயிறு வலிக்குதா என்று வரிசையாகக் கேட்பாள். பலர் சிரித்தார்கள். இரண்டு பேர் கோரிமேடு போய்ப் படுத்துப் பிழைத்து வந்தார்கள். ஒருத்தி மட்டும், “ரவிக்கை தைக்க வந்தா அபசகுனமா பேசுறீங்களே” என்று துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் எங்களிடம் தைக்கவே இல்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது. நல்ல வாடிக்கை. “கொஞ்சம் பதமா கேக்கக் கூடாதாம்மா?” என்றேன்.

அம்மா தெருவில் அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வேகமா நடக்குறா” என்றாள். “மூச்சு வாங்கல. காலு பரவால்ல. ஆனா கோவத்துலயாச்சும் போயி ஒருவாட்டி பிரஷரு பாத்துட்டான்னா நல்லாருக்கும்.”