நான் நிறுத்திவைத்த நாலு நிமிஷம்

எண்பதுகளின் நடுவில் சுவிஸ் நகரமான பாசலில் எனக்கு இரண்டு வேலை. கிழமை நாட்களில் ஆஸ்பத்திரிக் குசினியில் சட்டி கழுவினேன். சனிக்கிழமைகளில் சிலி நாட்டு அகதிகளின் கதைகளைக் கசெட்டில் பதிந்தேன். அவர்கள் இராணுவ ஆட்சிக்குத் தப்பி வந்தவர்கள். தங்கள் கதை தங்களோடு போய்விடக்கூடாது என்று இதைத் தொடங்கியிருந்தார்கள்.

ஊரில் ரேடியோ திருத்தினவன்தான் நான், ஆனாலும் தங்கள் ஆட்களை விட்டு என்னை ஏன் இந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று விளங்கவில்லை. கேள்வி கேட்கும் சுவிஸ் மாணவி ரூத்தைக் கேட்டேன்.

"உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. அதுதான் வேணும்," என்றாள். "தங்கட ஆக்களுக்கு முன்னாலை கதைக்கப் பயப்படினம். கதை வெளியிலை போயிடும் எண்டு."

அவளுடைய ஸ்பானிஷும் பள்ளிக்கூடத்து ஸ்பானிஷ்தான். விளங்காத இடங்களைப் பிறகு கசெட்டைப் போட்டுக் கேட்டு எழுதுவாள். என் வேலை ரெக்கோடரில் குரலின் அளவைக் காட்டும் லெவல் ஊசியைப் பார்ப்பது. ஆட்களை அல்ல.

மார்த்தா எங்கள் குசினியில் மரக்கறி வெட்டுகிறவ. சிலியில் அவவையும் புருஷனையும் ஒன்றாகப் பிடித்தார்கள். அவ மட்டும் வெளியே வந்தா. மகள் பவுலாவுக்கு அப்போது மூன்று வயது.

"தகப்பன் எப்பிடிச் செத்தவர் எண்டு அவளின்ரை முகத்தைப் பாத்துச் சொல்ல என்னால ஏலாது," என்று அரைகுறை ஜேர்மனில் எனக்குச் சொன்னா. "கசெட்டுக்கு ஒருக்காச் சொல்லுறன். பதினெட்டு வயசிலை அவளிட்டைக் குடுங்கோ."

அந்தச் சனிக்கிழமை கசெட்டின் முதல் பக்கம் நன்றாக ஓடியது. இரண்டாம் பக்கத்தில் குரல் இறங்கி, அழத் தொடங்கினா. செத்தவீட்டில் அடுத்த வீட்டுப் பெண் அழுதால் நாங்கள் நிலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். ரூத் அவவின் கையைப் பிடித்திருந்தாள். நான் சத்தமில்லாமல் இடைநிறுத்தும் பட்டனை அமத்திப் பதிவை நிறுத்தினேன். நாடா நின்றாலும் ஊசி இடைக்கிடை துடித்தது. விம்மல் என்று நினைத்தேன். நாலு நிமிஷம் கழித்துக் குரல் தெளிந்ததும் ஓடவிட்டேன். மரியாதை தெரிந்த மனுஷன் என்று என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம்.

அடுத்த கிழமை ரூத் கூப்பிட்டாள்.

"பிடிச்சுக்கொண்டு போனது இருக்கு. பிறகு பிளேன் ஏறினது இருக்கு. நடுவிலை எங்கை?"

"அவ அழுதவ. நிப்பாட்டினனான்."

"அழுதழுது சொன்னவ. மெல்லமாச் சொன்னபடியா எனக்குப் பிடிபடேல்லை. கசெட்டிலை கேக்கலாம் எண்டு விட்டிட்டன்."

ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் ஏசவில்லை.

மார்த்தாவிடம் நானே சொன்னேன், கரட் வெட்டும் மேசையடியில். இன்னொருமுறை சொல்ல முடியுமோ என்று கெஞ்சினேன். கத்தியை வைத்துவிட்டு நின்றா.

"பத்து வருஷத்திலை ஒருக்காத்தான் அது வாயாலை வந்தது," என்றா. "இனி வராது."

பிறகு மிச்சக் கரட்டையும் வெட்டி முடித்தா. அடுத்த நாளும் வழமைபோல எனக்குக் காலை வணக்கம் சொன்னா. நான் குனிந்து சட்டி தேய்த்தேன்.

பவுலா பதினெட்டு வயதில் வந்தாள். ஹெட்போனைப் போட்டு முழுவதும் கேட்டாள்.

"இந்த இடத்திலை அறுந்திருக்கு."

"நான்தான் பிள்ளை நிப்பாட்டினனான். அம்மா அழுதவ."

"அம்மாட்டை இதைக் கேக்க ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள். அந்த நேரம் அம்மாவின்ரை முகம் எப்பிடி இருந்தது? அதையாவது சொல்லுங்கோ."

நான் பார்க்கவில்லை என்றேன். அவள் கசெட்டைப் பையில் வைத்துக்கொண்டு ட்ராமுக்குப் போய்விட்டாள்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்கள் மைக்கை எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள். அதைப் பழகிக்கொள்ளலாம், நான் அவர்களுக்குச் சொல்வது வேறு. அழுதால் ஓடவிடுங்கள், பேசுகிறவர் நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். என் மரியாதையால் ஒரு பிள்ளைக்குத் தகப்பனின் கடைசி நாள் இல்லாமற் போனது.