காத்தமுத்து மாமாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

செய்தி வந்தபோது நான் ஹட்டனில், வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் இருந்தேன். வாங்க வந்த ஒருவருக்குக் கதவுக் கீல்களை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி சாந்தினி வேலை நேரத்தில் அழைக்க மாட்டாள். ஃபோனை எடுத்ததும், "அப்பா போயிட்டாருங்க" என்றாள். கடை முதலாளி ஹனிபா நானா என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, தன் வேனிலேயே என்னை நோட்டன் பிரிட்ஜில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மாமா காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வழக்கம்போல வாசலில் நின்று கீழே நீர்த்தேக்கத்தைப் பார்த்திருக்கிறார். நெஞ்சை என்னவோ செய்கிறது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கிடத்தியிருந்தார்கள். அவரும் நானும் அறுத்துப் பூட்டிய பெஞ்சுகளில் ஊர்ச்சனம் உட்கார்ந்திருந்தது.

என் மாமனார் காத்தமுத்து அவர்களை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அறியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு இரண்டு வேலைகள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு நீர்த்தேக்கத்துக்குப் போய்த் தூண்டில் போடுவார். மற்ற நாட்களில் வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் பலகை அறுப்பார். இரண்டிலும் அவர் கெட்டிக்காரர் என்று சொன்னால் அவரே சிரிப்பார். அவர் செய்த முக்காலிகளில் பாதி ஆடும். தூண்டிலோடு போன பல ஞாயிறுகளில் வெறும் பையோடுதான் வீடு திரும்பியிருக்கிறோம். அத்தை முன்யோசனையாகக் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுவார். ஆனால், தனக்குப் பிடித்த ஒன்றை இவ்வளவு ரசித்துச் செய்த இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை.

நான் ராகலைக்காரன். ஹட்டனில் த்ரீவீல் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் சாந்தினியைப் பெண் கேட்டுப் போனேன். என்ன படித்திருக்கிறாய், எவ்வளவு உழைக்கிறாய் என்றெல்லாம் கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வாங்க, ஒரு நடை கீழ போயிட்டு வருவோம்" என்று கையில் ஒரு மூங்கில் தூண்டிலைக் கொடுத்துவிட்டார். மதியம் வரை பாறையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மீன்கூடப் படவில்லை. மழை தூறியது. அட்டை கடித்தது. திரும்பி ஏறும்போதுதான் வாய் திறந்தார்.

"மீன் படாத நேரத்துல ஒரு ஆளு எப்படி இருக்காருன்னு பாக்கணும்னு நெனச்சேன். நீங்க ஒரு தடவகூட அலுத்துக்கல."

அடுத்த தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. அன்று முதல் கடைசி வரை என்னை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார். "வாங்க, போங்க" என்றுதான் பேசினார். எங்கள் பக்கத்தில் வயதில் மூத்தவர்களானாலும் மாமனார்கள் மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை அது. அதை அவர் ஒரே ஒரு முறைதான் மறந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

மகள் கவிஷா முதலாம் வகுப்பில் சேர்ந்த வருடம் எனக்கு அந்த விபத்து நேர்ந்தது. வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு வளைவு. பனிமூட்டம் பாதையை மூடியிருந்தது. ஈரத்தில் சறுக்கி வண்டி பள்ளத்தில் உருண்டது. வண்டியில் வேறு யாரும் இல்லாதது பெரிய புண்ணியம். என் இடது கை வண்டிக்கு அடியில் சிக்கிவிட்டது. டாக்டர்கள் அதை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். த்ரீவீல் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், கிளட்சும் கியரும் இடது கையில்தான். அந்தக் கையோடு என் தொழிலும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் ஆறுதல் சொன்னார்கள். மாமா மட்டும் எதுவும் சொல்லவில்லை. பஸ் ஏறி வருவார். சோற்றைத் திறந்து வைப்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்.

நான் வீடு திரும்பிய பிறகு, எங்களை நோட்டன் பிரிட்ஜுக்கு அழைத்துப்போக ஒரு சின்ன லொறியோடு வந்து நின்றார். நான் மறுத்தேன். மாமனார் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்ற பெயர் வேண்டாம் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"என் மகளும் பேத்தியும் அவங்க வீட்டுக்கு வர்றாங்க. நீங்க அவங்ககூட வர்றீங்க. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, தானே மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அந்த வீட்டில் என் முதல் மாதங்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் அவர் செய்தது என்னவென்று விளங்காது. நான் அறையை விட்டு வெளியே வருவதில்லை. யாராவது வந்தால் கையின் மேல் துவாயைப் போட்டுக்கொள்வேன். கவிஷா பாடம் கேட்டு வந்தால்கூட அம்மாவிடம் போ என்று அனுப்பிவிடுவேன். ஞாயிறுகளில் அவர்கள் தூண்டிலோடு இறங்கிப் போவது சுவர் வழியே கேட்கும். வாங்க என்று மாமா ஒவ்வொரு வாரமும் வாசலில் நின்று கூப்பிடுவார். நான் வரவில்லை என்பேன். "சரி" என்று போய்விடுவார். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலை அறைக்கதவில் வந்து நின்றார். கவிஷா தரையில் குனிந்து எழுதி முதுகு வளைகிறது, அவளுக்கு ஒரு மேசை செய்யப் போகிறேன், பலகையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். பிடிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"என்கிட்ட ரெண்டு, உங்ககிட்ட ஒண்ணு. மொத்தம் மூணு கை இருக்கு. ஒரு மேசைக்குப் போதும்."

கொட்டகையில் ஒரு நீளமான சப்பு மரப் பலகையை மரக்குற்றியின் மேல் வைத்து, அதன் மேல் ஏறி உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். அவர் வாளால் அறுத்தார். பாரத்துக்கு வைத்த மூட்டையைப் போல அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன். பலகை சரிந்து விழுந்தது. எனக்காகப் பாவம் பார்த்து இப்படி வேலை உண்டாக்கித் தரவேண்டாம் என்று சத்தமாகவே சொன்னேன். அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார்.

மாமா வாளைக் கீழே வைத்தார். சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். இரண்டு முழங்கால்களும் வீங்கியிருந்தன. அவர் வெளியே சொல்லிக்கொண்டதே இல்லை.

"இது நல்லா மடங்கி ரெண்டு வருஷமாச்சு. முன்னெல்லாம் நானே முழங்கால வச்சு அமுக்கிக்கிட்டு அறுப்பேன். இப்ப முடியல. உங்க அத்தைகிட்ட கேட்டா, இந்த வயசுல இது எதுக்குன்னு ஏசுவா. அதான் உங்ககிட்ட வந்தேன். பாவம் பாக்க வேண்டியது நீங்கதான், மாப்பிள்ளை."

நான் பலகையைத் தூக்கி வைத்து மறுபடியும் உட்கார்ந்தேன்.

அந்த மேசை செய்து முடிய வெகுநாள் பிடித்தது. ஒரு காலைக் குட்டையாக அறுத்துவிட்டோம். அதைச் சமப்படுத்த மற்றக் கால்களை அறுத்தோம். பிறகு வேறொரு கால் குட்டையாகிவிட்டது. சாந்தினி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். அத்தை ஏசிக்கொண்டே வார்னிஷ் பூசினார். இப்படியே அறுத்துக்கொண்டு போனால் கடைசியில் பிள்ளைக்குப் பலகைதான் மிஞ்சும் என்றார். கொட்டகையில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். விபத்துக்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான் என்று சாந்தினி இப்போதும் சொல்வாள். மேசையின் ஒரு காலுக்கடியில் கவிஷா காகித மட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். இன்றும் அதில்தான் எழுதுகிறாள்.

மேசைக்குப் பிறகு சாமிப்படம் வைக்கும் தட்டு, செருப்பு ராக்கை, பெஞ்சு என்று வரிசையாக வேலை வந்தது. ஆணியைப் பலகையில் நிறுத்திப் பிடிக்க ஒரு காந்தத் துண்டைக் கண்டுபிடித்தேன். சீவுளியை ஒற்றைக் கையால் தள்ளப் பழகினேன். எங்கே பிடிக்க வேண்டும் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய தேவை மெல்ல மெல்ல இல்லாமல் போனது.

ஆனால் தூண்டிலுக்கு மட்டும் நான் போகவில்லை. ஒரு கையால் கம்பைப் பிடித்தால் நூலைச் சுற்றுவது எப்படி? கரையில் எல்லோரும் பார்க்க அந்த முயற்சியில் இறங்க மனம் வரவில்லை. மாமா கட்டையொன்றில் துளை போட்டு, கம்பின் அடிப்பாகத்தை அதில் செருகி, பெல்ட்டில் வைத்து என் வயிற்றில் கட்டிப் பார்த்தார். வாசலில் நின்று வீசிய முதல் வீச்சிலேயே கட்டை பிளந்தது. அடுத்ததைக் கனமாகச் செய்தோம். அது வயிற்றில் குத்தித் தழும்பே போட்டுவிட்டது. மூன்றாவதைக் கட்டும்போது அத்தை வந்து எங்கள் இரண்டு பேரையும் ஒதுங்கச் சொன்னார். அத்தை காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். மலைக்குப் போகும்போது தான் இடுப்பில் கட்டிய தடித்த சாக்குப் படங்கை எடுத்துவந்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். அதன் மேல் கட்டையை வைத்து, கூடைக் கயிற்றை என் தோள் வழியாகப் போட்டு இறுக்கினார்.

"பாரத்த வயித்துல வச்சா குத்தத்தான் செய்யும். தோளுக்கு ஏத்துங்க" என்றார்.

அந்த ஞாயிறு நான் இறங்கிப் போனேன். கம்பின் அடி கட்டைக்குள் நின்றது. இடது முழங்கை கம்பைத் தாங்கியது. நூலைச் சுற்ற வலது கை மிஞ்சியது. மாமா தன் பாறையில் உட்கார்ந்து மாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கம்பு திடீரென்று வளைந்தது. திலாப்பியா அப்படி இழுக்காது. பெரிய கெண்டை. நான் சேற்றில் இரண்டடி சறுக்கினேன். சாந்தினி பிடிக்க ஓடிவந்தாள். மாமா அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"விட்றாதடா. நீ இழு. உன்னால முடியும்."

அவர் அந்த ஒரு முறைதான் என்னிடம் அப்படிப் பேசினார். மீன் கரைக்கு வந்தது. கவிஷா அதன் மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அத்தை அன்று சமைத்த கருவாட்டுக் குழம்பு சட்டியிலேயே இருந்தது.

சாயந்தரம் மாமா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒரு வேகத்துல ஒருமைல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க, மாப்பிள்ளை" என்றார். சரி மாமா என்றேன். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டேன். பத்து வயதில் அப்பாவை இழந்தவன் நான். அந்த "டா" எனக்கு என்னவாக இருந்தது என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் நானே ஹட்டனுக்குப் போய் ஹனிபா நானாவிடம் வேலை கேட்டேன். மரவேலை செய்கிறவர்களுக்கு எந்த ஆணி, எந்தக் கீல் என்று சொல்ல எனக்குத் தெரியும் என்றேன். வேலை கிடைத்த செய்தியை வீட்டில் சொன்னபோது மாமா, "அப்ப ஞாயித்துக்கிழமை லீவுதானே?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு வந்தவை நல்ல வருடங்கள். அவர் முழங்கால் மோசமாக ஆக, நான் அறுத்தேன், அவர் பலகை மேல் உட்கார்ந்தார். பாறைக்கு இறங்கும் சரிவில் என் தோளைப் பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொள்ள அவர் ஒருநாளும் கூச்சப்படவில்லை. உதவி கேட்பது சின்ன விஷயம் என்று நான் அவரைப் பார்த்துத்தான் நம்பினேன். சாகும் வாரத்தில்கூட அடுப்படி அலமாரிக்குக் கதவு போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு கதவை மாட்டியிருந்தோம். மற்றதைக் கருமாதிக்கு முந்திய நாள் நானும் சாந்தினியும் சேர்ந்து மாட்டினோம்.

கருமாதி முடிந்த அடுத்த ஞாயிறு, என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் வீட்டிலேயே இருந்தோம். அத்தைதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, "போகலையா?" என்றார். நாங்கள் பின்னால் இறங்கினோம். முந்திய இரவு மழை பெய்து நீர்த்தேக்கம் நிறைந்திருந்தது. அக்கரைத் தேயிலையில் பனி விலகிக்கொண்டிருந்தது. அத்தை நேராக மாமாவின் பாறைக்குப் போய் உட்கார்ந்து, தூண்டிலுக்குக் கை நீட்டினார். இத்தனை வருடத்தில் அவர் தூண்டிலைத் தொட்டதில்லை. கவிஷா ஓடிப்போய்ப் புழுவைக் கோத்துக் கொடுத்தாள்.

அத்தை நூலை வீசினார். மிதவை மெல்ல அமிழ்ந்தது.

"இழுக்குது" என்றார் அத்தை, கண்ணைத் துடைக்காமல், கம்பை விடாமல்.

மாமா, நீங்கள் நிம்மதியாகப் போங்கள். நாங்கள் எல்லோரும் கரையில்தான் இருக்கிறோம்.